செருப்பு பார்க்கும் திசை

ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அதைத் திருப்பி வைக்கக் கை தானாகப் போகும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கும். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, இருந்தவரை அந்தக் குழப்பம் இல்லை. எல்லாச் செருப்பும் வீட்டுக்குள் பார்த்திருக்க வேண்டும் அவருக்கு. சுத்தக்காரி என்று கேலி செய்வோம். யுத்த காலத்தில் மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பெரியப்பாவை ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, இறந்ததாகத் தகவலும் இல்லை. பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார். ஜப்பான்காரன் என்பது எங்கள் வீட்டில் வசவு. காலில் போட்டிருந்தது என்னவோ எல்லாரும் ஜப்பான் சிலிப்பர் என்ற ரப்பர் செருப்புதான்.

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். முதலாளி சீனர், ஜப்பானில் படித்தவர். தாப்பாவுக்கு மேலே, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் காட்டோடு சேரும் இடத்தில், ஜப்பானிய மரவீட்டின் முறையில் ஓர் ஓய்வில்லம் கட்டினார். பெரியம்மா கல்யாணமாகிப் போய்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டம் அது. கல்லின் மேல் நிற்கும் மரத்தூண்கள், சாரல் உள்ளே அடிக்காதபடி நீண்டிறங்கும் கூரை, தள்ளித் திறக்கும் கதவுகள். ஜப்பானில் கதவுக்குக் காகிதம் ஒட்டுவார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது பூஞ்சை பிடித்துவிடும் என்று மங்கலான கண்ணாடி போட்டோம். ஒரு சன்னலில், வெட்டுத் தழும்போடு நின்ற ஒற்றைப் பால்மரம் மட்டும் தெரியும்படி வைத்தார் முதலாளி.

நுழைவில் செருப்பு கழற்ற ஒரு தட்டைக் கல். விருந்தினர் கழற்றியதை வெளியே பார்த்துத் திருப்பி வைப்பது ஜப்பானிய மரியாதை. கிளம்பும்போது காலை நுழைத்தால் போதும். அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. “நான் வாரேன்” என்றார் பெரியம்மா. “அவரு வந்தா மொதல்ல அங்கதான தேடுவாரு.” அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

திறப்பு விழா அன்று, சாப்பிட்டு முடித்து வந்தவர்களின் காலணிகள் எல்லாம் வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தன. முதலாளியின் முகம் சிவந்தது. “என்ன பெரியம்மா, சொன்னேனே?” என்றேன்.

“வெளிய பாத்து வச்சா போயிருவாங்க லா. ஜப்பான்காரன் லோரி வந்த அன்னைக்கு உங்க பெரியப்பாவோட டயர் செருப்ப நாந்தான் அப்படி எடுத்து வச்சேன். மாட்டிக்கிட்டு ஏறிப் போயிட்டாரு.”

மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வாரே, அதே குரல். எனக்கு அழுகை வரவில்லை. முதலாளியிடம் மலாயில் சொன்னேன். அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் அப்பாவையும் அப்படித்தான் வந்து கொண்டுபோனார்கள் என்றார். பிறகு, ஆனாலும் செருப்பு வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றார். இரண்டையும் பெரியம்மாவுக்குச் சொன்னேன். “பாவம். சரி, வேலைன்னா வேலை” என்றார்.

மறுநாள் முதல் சொன்னபடி செய்தார். ஆட்கள் வந்து தங்கினார்கள், கிளம்பினார்கள். ஒவ்வொரு ஜோடியையும் வெளியே திருப்பி வைத்து வழியனுப்பினார். சிலர் அடுத்த விடுமுறைக்கும் வந்தார்கள். அவரைப் பெயர் சொல்லி விசாரிக்கும் குடும்பங்கள்கூட இருந்தன.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு லீவில் வந்தவரிடம், அம்மா வழக்கம்போல் மஞ்சள் கயிற்றை நீட்டினார். பெரியம்மா வாங்கவில்லை.

“வெளிய பாத்து வச்சவங்ககூடத் திரும்பி வாராங்க. அப்ப செருப்புல ஒண்ணுமில்ல. அவரு இல்லை லா, தங்கச்சி.”

அம்மாதான் ஓவென்று அழுதார். பெரியம்மா கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, சோறு ஆயிற்றா என்று கேட்டார். நான் தட்டு எடுத்து வைத்தேன்.

பெரியம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஓய்வில்லத்தையும் மூடிவிட்டார்கள், காடு ஏறிவிட்டது என்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. இன்று காலை மகள் பினாங்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் செருப்பு வெளியே பார்த்துக் கிடந்தது. குனிந்து எடுத்தேன். மண்ணைத் துடைத்து, கிடந்தபடியே வைத்தேன்.