ஆணி படாத சுவர்

உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார். எங்காவது கை நிற்கும். "இது யார் கைரேகை?" என்பார். இந்த நவீன ஓவிய அருங்காட்சியகத்தை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து வடிவமைத்தார்கள். மனைவி சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இவர் இன்னும் எதையும் ஒப்படைக்கவில்லை.

கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகையை நாங்கள் மாட்ட மாட்டக் கழற்றுகிறார். கட்டடமே வழி சொல்ல வேண்டுமாம். கழிப்பறையைத் தேடிய எலக்ட்ரீஷியனை அது நேராகச் சாமான் அறைக்குள் அனுப்பிவைத்தது. குப்பைத் தொட்டியைத் தூணுக்குப் பின்னால் ஒளிப்பார். நாற்காலியில் உட்கார்ந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வார், நிழல் விழுகிறதாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கூடத்தின் நீளச் சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்கிறாரே, அதற்கு என்ன செய்வது? படம் மாட்டுகிற பொறுப்பு என்னுடையது. நாளை திறப்பு விழா.

அவரை வீட்டுக்கு அழைத்துப்போக வரும் மனைவியே ஒருநாள் அலுத்துக்கொண்டார். "ஆணி அடிக்கக் கூடாதுன்னா நாம தண்ணித் தொட்டி கட்டிக் குடுத்திருக்கலாமே." அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மகளோடு சக்கர நாற்காலியில் ஓவியரான ஒரு வயதான அம்மா வந்தார். அவர் இளமையில் வரைந்த பெரிய படம். தாங்குகிற சுவர் எங்குமே அமையாமல், இத்தனை காலம் மகளின் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. இப்போது சட்டம் போட்டு, நீளச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருந்தோம். துளை போடுகிறவர் மிஷினோடு நிற்க, இவர் சுவருக்குக் காவல் நின்றார்.

அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பின்வாசல் நடையில மாட்டிடுப்பா. மாட்டினதை நான் ஒரு தடவை பாத்துட்டா போதும்."

சுவருக்குக் காவல் நின்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அங்கயா? அங்க வெளிச்சமே சரியா விழாதும்மா."

படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரில் ஒரு புள்ளி வைத்தார். மிஷின்காரர் ஏணியை நகர்த்தினார். இவர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பப் போய், கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று வைத்தார்.