அண்ணாருக்குக் காப்டன் எழுதிய கடிதங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து ஆண்டுகள் நான் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் காப்டனாக இருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வாழ்நாளில் பந்தை உதைத்தது ஒரே முறை. அதுவும் அது என் மேல் வந்து விழுந்த கோபத்தில். காப்டன் பதவியைத் தபாலில்தான் வகித்தேன். அந்தத் தபால்கள் என் அண்ணாருக்குப் போயின. அவர் அவற்றை நம்பினார்.

அண்ணார் பிறந்தது கொல்லிமலை அடிவாரத்தில், எங்கள் தகப்பனாரின் சோளக்காட்டை ஒட்டிய வீட்டில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் அவர். அங்கே அவர் பாடத்தில் வாங்கிய பெயரைவிடப் பந்தில் வாங்கிய பெயர் பெரிது. வெள்ளைச் சிப்பாய்கள் அணியோடு நடந்த ஆட்டத்தில், பூட்ஸ் கால்களுக்கு நடுவே வெறுங்காலோடு ஓடி இரண்டு கோல் போட்டார். மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கடைத்தெரு முழுவதும் சுற்றினார்கள். இறக்கிவிட்ட பிறகுதான் கால் கட்டைவிரல் முறிந்திருப்பது தெரிந்ததாம். தோளில் இருந்தவரை வலிக்கவில்லை என்பார்.

பி.ஏ. முடித்ததும் மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு துரையின் காப்பித் தோட்டத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக மானேஜர் ஆனார். துரை சீமைக்குப் போகும்போதெல்லாம் மூன்று தோட்டங்களும் அண்ணாரின் பொறுப்பு. யார் மேலும் கை நீட்டாத மானேஜர் என்று மலையில் பெயர். காய்ச்சல் காலத்தில் கொய்னா மருந்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அவரே போவார். அந்தக் காய்ச்சலிலேயே அண்ணியாரை, மணமான மூன்றாம் ஆண்டில், இழந்தார். மறுமணம் பேச மலையேறிய உறவினர்கள் இதைப் படிப்பவர்களில் நால்வராவது இருப்பீர்கள். மூச்சு வாங்க ஏறினீர்கள், நல்ல காப்பி குடித்தீர்கள், இறங்கி வந்தீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பங்களாவில் அவரோடு உட்கார்ந்து பேச ஆளில்லை. மூடுபனி இறங்கினால் எதிரே இருக்கும் பாக்குமரமும் தெரியாது.

கல்லூரிக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் ஆடிய காலத்தில் இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர். ஆகவே ஆண்டுதோறும் ஆட்டப் பருவத்தில் இரண்டு கூடை கமலா ஆரஞ்சு அனுப்பத் தொடங்கினார். தோட்டத்தில் அவருக்கு வலது கையாக இருந்த சடையன் அவற்றை ஆள் வைத்துத் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குவார். பிறகு மாட்டுவண்டி, ரயில். கல்லூரி இருந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியனாக இருந்த நான் அவற்றை மைதானத்தில் சேர்ப்பேன்.

முதல் ஆண்டு யார் அனுப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே அண்ணாரின் பெயரையும் அந்த இரண்டு கோல்களையும் எடுத்துச் சொன்னேன்.

"அப்படிங்களா?" என்றான் கோல் கீப்பர். "கொட்டை ஜாஸ்தி சார்."

இதை அண்ணாருக்கு எப்படி எழுதுவது? பள்ளி அலுவலகத் தட்டச்சில், ஆங்கிலத்தில், காப்டன் ராஜரத்தினம் என்றொருவனைப் படைத்தேன். தங்கள் பழத்தைத் தின்றுதான் இரண்டாம் பாதியில் வென்றோம் என்று அவன் எழுதினான். விடுதியில் கடிதங்கள் தொலைவதால் தங்கள் தம்பியார் விலாசத்துக்கே எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டான். நான்கு பக்கத்தில் பதில் வந்தது. எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார்; அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அதுதான் சொல்லும். இப்படி ஆண்டு முழுவதும் போக்குவரத்து நடந்தது. நான்காம் ஆண்டு அண்ணார் எழுதினார்: "நாலு வருஷமாய் நீயே காப்டனாக இருக்கிறாய். பாடத்தையும் கொஞ்சம் பார். சந்தேகம் இருந்தால் என் தம்பியைக் கேள், படித்தவன்." காப்டன்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள் என்பது படித்தவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு முறை பெயிலாகிவிட்டேன் என்று ராஜரத்தினம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

ஐந்தாம் ஆண்டு அழைப்பு வந்தது. சமதரை என்பதே அபூர்வமான அந்த மலையில், பங்களாவுக்குக் கீழே சரிவை வெட்டி, கல்லடுக்கி, மூன்று கோடைகளில் ஒரு மைதானம் அமைத்திருந்தார். அணியோடு வந்து பத்து நாள் தங்கி ஆடிவிட்டுப் போ என்று காப்டனுக்கு எழுதியிருந்தார். காப்டனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மலையேறினேன்.

போய்ச் சேர்ந்தபோது அண்ணார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். கோலில் சடையன். அவருக்குப் பின்னால் பள்ளம்.

"எசமாங்க, மெதுவா ஒதைங்க. தப்பிப் போச்சுன்னா நானுங்க எறங்கி எடுக்கோணும்."

மூன்று கோடை வெட்டிய மைதானத்தில் அண்ணார் ஒவ்வொரு பந்தையும் சடையன் கைக்கே அடித்துக்கொண்டிருந்தார்.

"காப்டன் வரலியாடா?" என்றார் என்னைக் கண்டதும்.

"பரீட்சைங்கண்ணா."

"எழுதியிருந்தான். இந்த வருசமாச்சும் பாசாவட்டும்."

"அண்ணா, அவனப் பத்தி ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு. ஆனா கொறை மட்டும் சொல்லாத கண்ணு. அந்தக் காலேசுல என்னைய நெனப்பு வெச்சிருக்கறது அவன் ஒருத்தன்தான்."

நல்ல பையனுங்கண்ணா என்று சொல்லிவிட்டு மறுநாள் இறங்கி வந்தேன்.

அடுத்த மழையில் அண்ணாருக்கும் காய்ச்சல் கண்டது. மற்றவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்திருந்த மருந்து அவருக்கு இல்லை. தந்தி கிடைத்து, மழையில் அறுந்த பாதையைச் சுற்றி ஏறி நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பருவத்திலும் இரண்டு கூடைகள் வந்தன, முன்பே சொல்லிவைத்திருந்தாராம். மைதானத்தில் கொடுத்துவிட்டு வந்து, தட்டச்சில் தாளை மாட்டிய பிறகுதான் படிக்க ஆளில்லை என்பது உறைத்தது.

கடைசி ஐந்து நாளும் அவர் பக்கத்திலிருந்து நகராத சடையனுக்கும், அண்ணாரைத் தோள் மாற்றி அடிவாரம்வரை சுமந்து வந்த வளப்பூர் நாட்டாருக்கும், மழையில் வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இவ்வளவும் எழுதி முடித்து, முதலாண்டு நினைவுக்காக மலையிறங்கி வந்திருந்த சடையனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"அந்தக் கடுதாசியெல்லாம் நீங்க எழுதுனதுங்களா?" என்றார். "எசமாங்க தெனமும் சொல்லுவாருங்க, ஆரோ ஒரு காப்டன் வருசந் தவறாம எழுதறான், கூடப் பொறந்தவன் ஒரு வரி எழுத மாட்டேங்கறான்னு."