ரெண்டு காதும் நல்லா கேக்குது

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் பூரணி. அவளுடைய ஒரே மகள் ஜனுஷா, ஒன்றரை வயதில் ‘ம்மா’, ‘தண்ணி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இரண்டு வயதுக்குள் அந்தச் சொற்களையும் விட்டுவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிள்ளை செவிடு என்று லயத்து வரிசை வீடுகள் எல்லாமே முடிவுகட்டிவிட்டன.

பூரணியும் அப்படித்தான் நம்பினாள். வேண்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்து வீட்டு வீரம்மாவின் தங்கை மகனுக்குக் காதில் மெஷின் வைத்த பிறகு பேச்சு வந்திருந்தது.

“இவளுக்கும் ஒரு மெஷின் வச்சிட்டாப் போதும்க்கா” என்பாள்.

நான்கு வயதில் தோட்டத்து மருந்தகத்தில் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் நாகலெட்சுமி சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

“ரெண்டு காதும் நல்லா கேக்குதுங்க!”

பூரணி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

பிறகு பிள்ளைகளுக்கான டாக்டர் பார்த்தார். அவர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் தமிழில் சொன்னாள்.

“வேணுங்கிறத வெரல் நீட்டிக் காட்டுவாளா?”

“இல்லீங்க. என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவா.”

பொம்மைக்குத் தேத்தண்ணி ஊட்டச் சொல்லி ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஜனுஷா அதைக் கவிழ்த்துப் போட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் பார்த்திருந்த டாக்டர் ‘ஓட்டிசம்’ என்றார்.

“அதுக்கு என்னா மருந்துங்க?”

“மருந்து இல்லம்மா. பழக்கித்தான் எடுக்கணும். மாசாமாசம் கூட்டிக்கிட்டு வாங்க.”

திரும்பும் பஸ் கினிகத்தேனையைத் தாண்டும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. செவிடு என்று நினைத்து, பிள்ளையின் எதிரிலேயே எல்லோரும் என்னென்ன பேசியிருந்தார்கள்! அவளே ஒரு மழை நாளில், காய்ச்சலோடு, “நீ செத்துத் தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி” என்று கத்தியிருந்தாள். மடியில் தூங்கிய மகளின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் கணவன் சுதாகரன் போனில் சொன்னான்: “காது கேக்குதுல்ல? தானாப் பேசுவா. சும்மா அலையாத.”

அவள் தனியாகவே அலைந்தாள். மண் சரிந்து ரோட்டை மறித்த மாதங்களில் மட்டும் போக முடியவில்லை.

ஜனுஷாவுக்கு இப்போது ஏழு வயது. தாகமெடுத்தால் போத்தலை எடுத்து நீட்டுவாள். போன சொற்கள் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் பூரணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டை கடித்தது, கங்காணி ஏசியது எல்லாவற்றையும் சொல்வாள். சில நாள் மகள் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். பூரணி மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.