எங்கள் சனம் வராத நடைபாதை

மலத்தோடு இரத்தத்தை முதன்முதலில் கண்ட காலையில் நான் செய்தது, தண்ணீரை இரண்டு தரம் இழுத்துவிட்டு வேலைக்குப் போனதுதான். மூலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜான்-டலோன் சந்தையில் நாள் முழுதும் நின்றபடி மரக்கறி விற்கிறவளுக்கு மூலம் வராமல் என்ன செய்யும்? அந்த இடத்தைப் பற்றி ஒரு ஆண் டாக்டரிடம் எப்படிக் கதைப்பது என்ற வெட்கத்திலேயே ஒரு குளிர்காலம் போயிற்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் சோதனை) முடிந்தபின் சத்திரசிகிச்சை நிபுணர் மெதுவாகச் சொன்னார். மலக்குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் ஸ்டோமா (குடலின் முனையை வெளியே எடுத்து வயிற்றில் தைக்கும் வாய்) வைக்க வேண்டும். மலம் அதன்வழியே ஒரு பைக்குள் விழும். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். "எப்போதைக்கும்" என்றார். என் கணவர் சேவியர் என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த மனிசனுக்கு இரண்டு கட்டளை போட்டேன். நான் பை மாற்றும்போது எட்டிப் பார்க்கக்கூடாது. மாதா கோயில் சனம் கேட்டால், ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். பாவம், பொய் சொல்ல வராது அவருக்கு. பூசை முடிந்ததும், கேட்டவர் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டு ஓடிவந்துவிடுவார். செத்துப்போவேன் என்ற பயத்தைவிட, மணக்கும் என்ற பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

தாதி தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் பார்க்-எக்ஸ்டென்ஷனில் தெருவுக்கு இறங்கினால் நாலு தமிழ் முகம். ஆகவே மெட்ரோ எடுத்துப் பழைய துறைமுகத்துக்குப் போனேன். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் சாம்பல் நிறக் கற்கட்டடங்கள், நடுவே நீண்ட நடைபாதை. வருகிறவர்கள் உல்லாசப் பயணிகள். ஆற்றுக்காற்று எந்த மணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குதிரை வண்டிகள் நிற்கும் இடத்தில் லத்தி நாற்றம். அங்கே மட்டும் பயமில்லாமல் நின்று ஆறுதலாக மூச்சு விடுவேன்.

எவ்வளவு பெரிய மடைச்சி நான்! ஜேர்மனியிலிருந்தோ லண்டனிலிருந்தோ யார் வந்தாலும் எங்கள் சனம் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது அந்த ஆற்றங்கரையில்தானே. நானே எத்தனை பேரை அங்கே நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன்.

"றீற்றா அக்கா!"

பூசையில் என் பக்கத்தில் இருக்கும் ஸ்டெல்லா. பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு ஜேர்மனியிலிருந்து வந்த அவளுடைய விருந்தாளிகள்.

"ரொறன்ரோவிலை நிக்கிறியள் எண்டெல்லோ அண்ணை சொன்னவர்?"

பதில் சொல்லுமுன் கட்டிப்பிடித்துவிட்டாள். ஸ்டெல்லாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பை நிறைந்திருந்த நேரம். ஒட்டு விட்டது. சட்டைக்குள் சூடு பரவியது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே செத்தால் நல்லது என்று இருந்தது.

"நீங்கள் கப்பலைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ, இப்ப வாறம்" என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட்டு, என்னைக் கழிவறைக்கு இழுத்துப்போனாள். கைப்பையில் மாற்றுப் பை இருந்தது. அதை நான் தேடி எடுப்பதற்குள் அவளே ஈரத்தாளால் துடைத்தாள். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக அவள் கண்முன்னே இருந்தது. நான் சின்னப்பிள்ளைபோல அழுதேன்.

"நோகுதோ அக்கா?"

"இல்லை. அதுக்கு நோகாது." (ஸ்டோமாவில் வலி உணரும் நரம்புகள் இல்லை. பயப்படாமல் தொட்டுக் கழுவலாம்.)

"பிறகேன் அழுறியள்?"

கேட்டுக்கொண்டே தன் மேற்சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேவியரிடம் சொன்னேன். ஒரு ஆறுதல் வார்த்தையை எதிர்பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஸ்டெல்லா துடைச்சுவிட்டவவோ?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் நான் கதவுக்கு வெளியிலை நிண்டனான், றீற்றா. நீ உள்ளுக்கை அழுறது எனக்குக் கேக்கும்."

ஆற்றங்கரையில் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. வயிற்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவள், இந்த மனிதரை ஒரு தரமும் யோசிக்கவில்லை.

மறுநாட் காலை, "இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார், வடிவாகப் பார்க்க வேண்டுமாம். பழைய பையை எடுத்ததுமே ஸ்டோமா தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. அதை அடக்கிவைக்கத் தசை கிடையாது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவர் வருகிறார். இன்றும் வெட்கம் போய்விடவில்லை. ஆனால் ஸ்டோமா தன் வேலையை முடிக்கும்வரை புதுப் பை ஒட்ட முடியாது. வேலைக்கு நேரம் போகிறது என்று அவசரப்படுத்தவும் முடியாது. அவர் துணியோடு குந்தியிருக்கிறார், நான் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். அது முடித்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் விடிகிறது.