மூன்று அலுவலகங்களும் ஓர் அடிபம்பும்

திருப்பதியில், ஆந்திர மாநில அரசின் நீர் ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்த ஊழியையாக இருக்கிறேன். வீடு நகரியில். காலை ரயிலில் புத்தூர், ரேணிகுண்டா வழியாகப் போய் சாயங்கால ரயிலில் திரும்புவேன். பிறந்தது திருத்தணிப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தேன். வேதியியல் படித்திருந்ததால், ஊர்களிலிருந்து பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எனக்குக் கம்ப்யூட்டரும் வரும் என்பதை அலுவலகத்தில் தெரிந்துகொண்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

நிலத்தடி நீரைப் பற்றி யாரிடம் என்ன தகவல் இருந்தாலும் ஒரே இணையதளத்தில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அலுவலகம் ஒன்றிலிருந்து உத்தரவு வந்தது. அவர்களுக்கென்று தனியாகச் சில கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. எங்களிடம் ஆய்வக முடிவுகள் இருந்தன. பழங்குடியினர் நலத்துக்கான அலுவலகம், யானாதிப் பழங்குடிக் காலனிகளில் பெண்களுக்கு ஒரு சோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்கியிருந்தது. பம்பில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுவிட்டு, மாறுகிற நிறத்தை ஓர் அட்டையோடு ஒத்துப் பார்த்துப் போனில் அனுப்ப வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவை ஒன்றுசேரவே மாட்டேன் என்றன. எங்கள் கோப்புகளில் பல இடங்களுக்கு வெறும் 'கிரிஜன காலனி', அதாவது பழங்குடியினர் குடியிருப்பு, என்றுதான் பெயர். எந்தக் காலனி என்று எழுதியவருக்கே தெரியாது. நலத்துறை எல்லாக் காலனிகளுக்கும் எண் கொடுத்திருந்தது. மத்திய அலுவலகமோ வருவாய் கிராமத்தின் பெயரைத் தவிர வேறெதையும் ஏற்காது. காலனிகள் பெரும்பாலும் கிராமத்துக்கு வெளியே, ஓடையோரத்தில் இருப்பவை. அப்படி ஒரு பெயருக்குக் கீழ் அவற்றைப் போட முடியவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு ரயிலில் உட்கார்ந்தால் கண்ணுக்குள் கட்டங்களாகவே தெரியும்.

ஒரு காலனி எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்துக் குறித்துவரச் சொல்லி என்னை அனுப்பினார் எங்கள் அதிகாரி. நகரிக்கு வெளியே, சாயப்பட்டறைகளைத் தாண்டி, ஆற்றங்கரையில் இருந்தது அது. கொஞ்சம் வீடுகள், நடுவில் ஓர் அடிபம்பு. அங்கே பெட்டியை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவள். நான் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா மேடம், போன தபா பாட்டில்ல புடிச்சிக்கினு போனாங்களே, அது இன்னா ஆச்சி?"

"ரிசல்ட் வந்திருக்கும்மா. நலத்துறை ஆபீஸ் மூலமா உங்களுக்கு வரும்."

"அவங்கள கேட்டா திருப்பதில கேளுன்றாங்க. நீங்க அவங்கள கேளுன்றீங்க. தண்ணிய நாங்கதான குடிச்சிக்கினு கீறோம்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அன்றைக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

மறுநாள் அந்த முடிவைத் தேடி எடுத்தேன். உப்பும் நைட்ரேட்டும் அளவுக்கு மேல். குடிக்கக் கூடாத தண்ணீர். இணையதளத்தின் வரைபடத்தில் மட்டும் அந்த இடம் பச்சையாக இருந்தது. மத்திய அலுவலகத்தின் கண்காணிப்புக் கிணறு பக்கத்து ஊரின் மேட்டில் இருந்தது, அதில் நல்ல தண்ணீர். காலனிக்கென்று தனிப் பெயர் இல்லாததால் அந்தப் பச்சையே காலனியின் மேலும் படர்ந்திருந்தது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் தெலுங்கில்தான் பேசுவார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"நாம நேரா ஜனங்களுக்குச் சொல்ல முடியாதம்மா. நலத்துறைக்கு லெட்டர் போடு."

போட்டேன். அவர்கள், இணையதளத்தில் ஏறிய முடிவைத்தான் நாங்கள் காலனிக்குச் சொல்ல முடியும் என்று பதில் எழுதினார்கள். மத்திய அலுவலகத்தைக் கேட்டதற்கு, இடத்தின் பெயரை நலத்துறை உறுதிசெய்தால் ஏற்றுகிறோம் என்றார்கள். அதற்கும் ஒரு கடிதம் போட்டேன். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. நான் அனுப்பியது சுற்றிக்கொண்டு என் மேசைக்கே திரும்பி வந்தது.

மழை விட்ட பிறகு அந்தப் பம்பில் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. காலனிப் பெண் தண்ணீரை ஒரு சில்வர் டம்ளரில் பிடித்து, நிற அட்டையையும் பக்கத்தில் வைத்து எனக்குப் படம் அனுப்பினாள். பிள்ளைகளின் கைகளில் சொறி வந்திருக்கும் படமும் கூடவே வந்தது. மாதாந்தர வீடியோ கூட்டத்தில் அதைச் சொன்னேன். மத்திய அலுவலகத்திலிருந்து பேசியது ஒரு சின்ன வயதுப் பெண். அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"பெட்டியில் செய்த சோதனையை நாங்கள் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது மேடம். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் எழுதிவிடுங்கள்."

எழுதினேன். அந்தக் கட்டம் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதத்திலிருந்து காலனிப் பெண்ணிடமிருந்து எதுவும் வரவில்லை. சுற்றியுள்ள மற்றக் காலனிகளும் நிறுத்திவிட்டன. பழங்குடியினர் தரப்புக் கட்டங்கள் காலியாகக் கிடந்ததைப் பார்த்து மேலே கேள்வி கேட்டார்கள்.

"உனக்குத் தமிழ் வருமே, போய்ப் பேசி அனுப்பச் சொல்லும்மா" என்றார் அதிகாரி.

வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று நகரியிலிருந்து ஆட்டோ பிடித்தேன். சூளைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டு உட்காரச் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, பெட்டி கெட்டுப்போச்சா?"

"பெட்டி நல்லாத்தான் கீது. நாங்கதான் வாணான்னு உட்டுட்டோம்."

"அனுப்பினாத்தானே மேல தெரியும்?"

"மேல தெரிஞ்சி இன்னா மேடம்? எங்க தண்ணி எப்டி கீதுன்னு டில்லி வரிக்கும் தெரிஞ்சிக்கினு கீது. எங்களுக்கு யாரும் சொல்ல மாட்றீங்க. நாங்க மட்டும் சொல்லிக்கினே இருக்கணுமா?"

பதில் சொல்லத் தயாராக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், ஒருங்கிணைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று. காலையில் எழுந்ததிலிருந்தே தலைவலி. எத்தனை கடிதம், எத்தனை கூட்டம், எத்தனை முறை அதே ரயில். தைரியம் வந்து சொன்னேன் என்று பெருமை பேச என்னால் முடியாது. இன்னும் ஒரு தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெம்பில்லை.

"அந்தத் தண்ணிய குடிக்காதீங்க. சமையலுக்கும் எடுக்காதீங்க. கொதிக்க வெச்சாலும் அதுல இருக்கற கெடுதல் போகாது. கைக்குழந்தைக்கு ஒரு வாய்கூடக் குடுத்துடாதீங்க" என்றேன்.

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து வீட்டுக்குள் போய்க் குடத்தைத் தூக்கிவந்து வாசலிலேயே கொட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்த அன்னிக்கே சொல்லி இருந்தா இன்னா மேடம்?" என்றாள் பெட்டி வைத்திருந்தவள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அந்த வாரமே காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு மண்டல அலுவலகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டேங்கர் தண்ணீர் வர ஆரம்பித்தது. கழிவு அங்கிருந்துதான் கலக்கிறது என்று ஒரு சாயப்பட்டறையை அதிகாரிகள் மூடினார்கள், கொஞ்ச நாளில் அது திறந்துகொண்டது. எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒருவர், என்னம்மா எல்லாத்தையும் மூடிட்டுத்தான் ஓய்வீங்களா என்று கேட்டார். நான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன், நிற்கவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"காலனிக்கு யார் சொன்னது?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"சரி, டீ சொல்லும்மா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

சில மாதங்கள் கழித்து, நகரிச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்தேன். மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன். பெட்டியை இப்போதும் பயன்படுத்துகிறாளாம்.

"யாருக்கு அனுப்பறே?"

"என் தங்கச்சிக்கு."

தங்கையைத் தமிழ்நாட்டுப் பக்கம், அதே ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள ஒரு காலனியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் இவள் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புவாள். அங்கே அவர்கள் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். இன்னும் சில காலனிகளும் சேர்ந்துவிட்டன. எல்லாரும் பேசித்தான் அனுப்புகிறார்கள், எழுதுவதில்லை. அதே ஆற்றின் விவரம் கேட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்று எங்களுக்கு எழுதிய கடிதம் அப்போது என் மேசையில்தான் இருந்தது. பதில் அனுப்ப இன்னும் ஒப்புதல் வரவில்லை.

"நீங்க சொல்றத எங்க இணையதளத்துல போடலாமா?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கினு சொல்றேன் அக்கா" என்றாள்.

உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லாக் காலனிகளையும் கேட்டுவிட்டு, பல நாள் கழித்துத்தான் பதில் சொன்னாள். போடலாமாம். ஆனால் அவர்கள் தண்ணீரின் முடிவு டில்லிக்குப் போவதற்கு முன்னால் அவர்களுக்கு வர வேண்டும். அதை ஒரு குறிப்பாக எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அது எங்கே இருக்கிறது என்று எப்போதாவது கேட்பேன், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. என்னையும் அவர்கள் போன் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். காலனிகளின் பாட்டில் எது ஆய்வகத்துக்கு வந்தாலும், முடிவு தெரிந்த அன்று சாயங்காலமே ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் சொல்லிவிடுகிறேன். எந்தக் காலனி, எந்தப் பம்பு, குடிக்கலாமா கூடாதா என்று மட்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாரோ சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலனிக்கு வரும் டேங்கர் இப்போதும் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் போனை எடுக்கிறேன்.