வீட்டு வாசலுக்கு வரும் மெட்ரோ

சென்னையில் நான் கட்டிய வீட்டில் குடியிருப்பவர் இன்று போன் செய்தார். "சார், மெட்ரோக்காரங்க நம்ம செவுத்துல சிவப்பு பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்க."

எங்கள் பகுதிக்கு மெட்ரோ வேண்டும் என்ற ஆன்லைன் மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட மேதாவி நான்தான். நான் வேலை பார்க்கும் இந்தத் தீவில், ஷாதிபூர் போகும் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் பெருமையாகச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த ரோடு கான்ட்ராக்டர் சேகர் சிரிக்கவில்லை.

"அரே அண்ணே, இங்க தீவுல, ரங்கத் ஊர்ல ரோடு அகலப்படுத்தறப்ப நாங்களும் இப்படித்தான் நம்பர் போட்டோம். போட்ட வீடு ஒண்ணுகூட இப்ப இல்ல."

ரிட்டயரானதும் அந்த வீட்டுக்குத்தான் போவதாக இருக்கிறோம். இன்னும் விஷயம் தெரியாத மனைவி கேட்கிறாள்: "ஏங்க, நம்ம வீட்லேருந்து ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?"

நடக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?