பொன்னன் மாமா கட்டிய நீர்மூழ்கி

என் அக்கா இருசாயியின் புருஷன் பொன்னன் மாமாவுக்கு நீச்சல் தெரியாது. அவர்தான் கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பல் கட்டினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்தான்.

நாமக்கல்லில் டேங்கர் லாரி கட்டும் பட்டறை ஒன்றில் மாமா இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்தார். அந்தப் பட்டறை முதலாளியின் வண்டியைத்தான் நான் ஓட்டுகிறேன். போன வருஷம் அங்கே கட்டிய ஆசிட் டேங்கர் ஒன்று வழியில் ஒழுகி, டீ குடிக்க நின்ற மாணிக்கம் என்பவருக்கு ஒரு கால் வெந்துபோனது. அந்த வண்டியில் மூன்று பேர் வெல்டிங் செய்திருந்தார்கள். அவர்களில் பார்வைக் கண்ணாடி போட்டவர் மாமா ஒருவர்தான். "பொன்னனுக்குக் கண்ணு போச்சு" என்று பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்த மனுஷனின் கால் தன்னால்தான் வெந்ததா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மலைமேல் வாழவந்தி நாட்டில் வீட்டோடு கிடந்த நாளில், செல்போனில் உலகப்போர் காலத்துக் குட்டி நீர்மூழ்கிகளைப் பற்றி ஒரு படம் பார்த்தார். ஓரிருவர் மட்டும் முடங்கி உட்கார்ந்து, எதிரியின் துறைமுகத்துக்குள் திருட்டுத்தனமாகப் போய் வருபவை. போனவர்களில் பலர் திரும்பவில்லை என்று அதிலேயே சொன்னார்கள். அதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

"முரளி, நான் பத்த வெச்சு ஒட்டுன தகட்டுக்குள்ள நானே உக்காந்து அரைமணி நேரம் தண்ணிக்குள்ள இருக்கறேன். ஒழுகலீன்னா எங் கை மேல தப்பில்ல. நீ பாத்துட்டுப் பட்டறையில சொல்லு. நம்பலீன்னா அவிங்களக் கூட்டியா, மறுபடியும் எறங்கறேன்."

எட்டு மாதம். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் எட்டடி நீள இரும்பு உருளை ஒன்று எழும்பியது. அடியில் ஒரு தொட்டி. அதில் தண்ணீர் விட்டால் மூழ்கும், கைப்பம்பால் இறைத்து வெளியே தள்ளினால் மிதக்கும். எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது. அக்கா திட்டினாள், அழுதாள், ஒரு மாதம் பேசாமலும் இருந்தாள். கடைசியில் தனியாக விட மனசில்லாமல் கூடவே வந்தாள்.

பாக்சைட் தோண்டிய பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் இருபதடிக்குத் தேங்கிக் கிடந்தது. பக்கத்துக் காட்டு அப்பாசாமி டிராக்டரில் உருளையை இழுத்து வந்து கொடுத்தார். மாமா அதற்குள் இறங்கினார். மூடியைப் போட்டுப் பதினாறு நட்டையும் நான்தான் முறுக்கினேன். இரும்புக் கயிற்றின் ஒரு முனை உருளையில், மறுமுனை டிராக்டரில். தண்ணீருக்குள் தள்ளிவிட்டோம், உருளை மெல்ல மூழ்கியது. உள்ளே இருந்து சுத்தியலால் தட்டினால் கயிற்றில் அதிரும். அக்கா அதன்மேல் கை வைத்தபடி கரையில் உட்கார்ந்தாள்.

அரைமணி ஆனது. மேலே வரவில்லை. தட்டுவது மட்டும் நிற்காமல் வந்தது. பம்பைச் செம்மண் அடைத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாசாமி டிராக்டரை முடுக்கினார். சேற்றில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. இன்னொரு டிராக்டருக்கு நான் மேட்டில் விழுந்து எழுந்து ஓடினேன். அது வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

"இன்னும் தட்டறாரு" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "இப்பத் தட்டலீடா" என்றாள்.

இரண்டு டிராக்டரும் சேர்ந்து உருளையைக் கரையேற்றியபோதுதான் எனக்கு உறைத்தது. நட்டு எல்லாம் வெளியே இருந்தன. அந்தப் போர்க்காலத்து நீர்மூழ்கிகளில் மூடி உள்ளிருந்து திறக்கும். மாமா மற்ற எல்லாவற்றையும் படம் பார்த்துச் செய்துவிட்டு, மூடியை மட்டும் டேங்கர் மூடியாகவே போட்டுவிட்டார். டேங்கருக்குள் யார் உட்காரப் போகிறார்கள்? முறுக்கிய எனக்கும் அது தோன்றவில்லை. பதினாறு நட்டு. என்னையே நான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கழற்றினேன்.

உதடு நீலம் பூத்துக் கிடந்தார். மூச்சு மட்டும் இழை மாதிரி ஓடியது. தூக்கிக் கரையில் போட்டோம். அப்பாசாமி ஆம்புலன்ஸுக்குச் சொல்ல சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார். நான் உருளைக்குள் கையை விட்டுத் தடவினேன். வெல்டிங் தூசிகூட ஈரமாகாமல் அப்படியே இருந்தது.

"அக்கா, ஒரு சொட்டு ஒழுகலக்கா" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து போய் வாளியில் செந்தண்ணீர் மொண்டு வந்து உருளைக்குள் ஊற்றினாள். மறுபடியும் மொண்டாள். நான்கு வாளி. ஐந்தாவதை மாமாவின் வேட்டிமேல் ஊற்றினாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"ஒழுகலீன்னு தெரிஞ்சா பட்டறைக்காரங்க முன்னால மறுபடியும் எறங்குவாரு சாமி. எனக்கு இவரு வேணும்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மாமா கண் விழித்தார். "முரளி, உள்ள இருட்டுல வேர்வையா தண்ணியான்னே தெரியல. ஒழுகுச்சா?"

"ஒழுகிருச்சுங்க. நீங்களே பாருங்க" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

உடம்பு தேறியதும் மாமா ஒரே ஒரு இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மாணிக்கத்தின் வீடு. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவர் முன்னால் மாமா தரையில் உட்கார்ந்தார்.

"எங் கை மேலதாங்க தப்பு. தண்ணிக்குள்ள எறங்கிப் பாத்துட்டேன்" என்று அந்த வெந்த காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.